பழைய டூ டூ டார்கெட் ரைஃபிள்: மூன்றில் எதை எடுப்பது?

புதுப்புள்ளி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக கிளப்பின் பொதுத் துப்பாக்கியில்தான் சுட்டுக்கொண்டிருக்கிறேன். பாயிண்ட் டூ டூ, அதாவது 0.22 அங்குலக் குழல், 50 மீட்டர், படுத்த நிலை மட்டும். அந்தத் துப்பாக்கியை வாரத்துக்கு ஏழெட்டுப் பேர் எடுப்பதால் ஒவ்வொரு முறையும் சைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியை, முதலிலிருந்து வைக்க வேண்டியிருக்கிறது. தோளில் பதிக்கிற மரக்கட்டை வேறு எனக்கு இரண்டு விரல் நீளம் அதிகம், ஆமை மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். சொந்தமாக ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். உரிமம், அனுமதி எல்லாம் கையில் இருக்கிறது, அதைப் பற்றிக் கேள்வி இல்லை.

புதிய மேட்ச் ரைஃபிள்களின் விலையைப் பார்த்தேன், பார்த்த வேகத்தில் பக்கத்தை மூடிவிட்டேன். அதனால் பழையதுதான். இப்போது என் பட்ஜெட்டுக்குள் மூன்று இருக்கின்றன, மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விலை.

முதலாவது வின்செஸ்டர் 52 பி. பெயரைக் கேட்டதுமே மனசு அங்கே போய்விட்டது. ஆனால் பின் சைட் இல்லை, முன் சைட்டும் இல்லை, ரிசீவர் (பேரலுக்குப் பின்னால் சுடும் இயந்திரம் உட்காருகிற உடற்பகுதி) மேல் யாரோ ஸ்கோப் மாட்டுவதற்காக இரண்டு கூடுதல் ஓட்டை போட்டிருக்கிறார்கள். பேரல் உள்ளே பளபளவென்று இருக்கிறது.

இரண்டாவது ரெமிங்டன் 513 டி. ரெட்ஃபீல்டு சைட் முன்னும் பின்னும் இருக்கிறது, மேகசின் ஒன்று, தோல் வாரும் இருக்கிறது. கட்டை கறுத்துப் போய் பார்க்க ஏழையாகத் தெரிகிறது. விற்கிறவர் மறைக்காமல் சொன்னார், பத்துக்கு ஒன்று வெடிக்காமல் போகும் என்று. அதனால்தான் விலையைக் குறைத்தாராம்.

மூன்றாவது பி.எஸ்.ஏ மார்ட்டினி இன்டர்நேஷனல், மார்க் 2. சைட் எல்லாம் முழுசாக இருக்கிறது. லீவரைக் கீழே இழுத்துக் குண்டு போடுகிற வகை, நான் இதுவரை தொட்டதே இல்லை.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் பேரல் தேய்ந்திருக்குமா என்பதுதான் என் பெரிய பயம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? மூன்றில் நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?


பழங்கட்டை:

தம்பி, பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதற்கோ பயப்படுகிறீர்கள். டூ டூ பேரல் சுட்டுத் தேய்வது ரொம்ப அபூர்வம். மெழுகு பூசிய ஈயக் குண்டு, 40 கிரெய்ன், நம் கணக்கில் 2.6 கிராம், உள்ளே எரிகிற மருந்தும் ஒரு சிட்டிகை. பெரிய துப்பாக்கிகளில் குண்டு பேரலுக்குள் நுழைகிற இடத்தை அரித்துத் தின்கிற வெப்பம் இதில் கிடையாது. பழைய டூ டூ பேரல் கெட்டிருந்தால் பெரும்பாலும் அதற்குக் காரணம் இரண்டுதான்: துரு, அல்லது சுத்தம் செய்த கை.

துரு எப்படி வரும் என்றால், 1920களின் கடைசி வரைக்கும் வந்த தோட்டாக்களின் பிரைமரில், அதாவது முதல் பொறி வைக்கிற மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் உள்ளே தங்குவது கிட்டத்தட்ட சமையல் உப்புக்கு அண்ணன் தம்பி. காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் வேலையைக் காட்டிவிடும். ரெமிங்டன் 1926-இல் க்ளீன்போர் என்று அரிக்காத தோட்டாவைக் கொண்டு வந்தது, அப்புறம் மற்றவர்களும் மாறினார்கள். அதனால் அதற்கு முந்தைய துப்பாக்கி என்றால் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உங்கள் மூன்றும் அதற்குப் பிந்தியவை. 52 பி 1935-க்குப் பிறகு வந்தது, 513 டி 1940-ஐ ஒட்டி ஆரம்பித்து 1968 வரை செய்தார்கள், மார்க் 2 மார்ட்டினி 1950களின் சரக்கு. ஆக அந்தக் கவலை பெருமளவு குறைவு.

சுத்தம் செய்த கை என்பது வேறு கதை. முனைப் பக்கமிருந்து எஃகுக் கம்பியை விட்டு முப்பது வருடம் குத்தியவர்கள் இருக்கிறார்கள். குண்டு வெளியேறுகிற அந்தக் கடைசி விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டால், உள்ளே கண்ணாடி மாதிரி மின்னினாலும் பயனில்லை. முனையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பள்ளங்கள் ஒவ்வொன்றும் விளிம்பில் கூர்மையாக முடிகிறதா, ஏதாவது ஒரு பக்கம் மழுங்கி வழிந்த மாதிரி இருக்கிறதா என்று. பஞ்சு முனையை உள்ளிருந்து வெளியே இழுத்துப் பார்த்தாலும் போதும், பிசிறு இருக்கும் இடத்தில் நார் மாட்டும்.

அடுத்தது, பேரலைச் சுத்தம் செய்த பிறகுதான் உள்ளே பார்க்க வேண்டும். ஈயமும் கரியும் படிந்திருந்தால் குழி மூடியிருக்கும், அழகாகத் தெரியும். சுத்தம் செய்துவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் எங்காவது ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள், பேரம்கூடப் பேச வேண்டாம். ஒரு குண்டு உள்ளே சிக்கியிருக்க, தெரியாமல் அடுத்ததைச் சுட்டதில் பேரல் உப்பிய இடம் அது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் இறுக்கமான துணித்துண்டைக் கம்பியில் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். சீராகப் போய்க்கொண்டே இருந்து திடீரென்று ஓரிடத்தில் கை இலகுவானால் அங்கே அகலம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கை சொல்லும், கருவி எதுவும் வேண்டாம்.

இன்னொரு இடம், எல்லோரும் விட்டுவிடுவது. சேம்பரின், அதாவது தோட்டா உட்காருகிற பின்முனைக் குழியின், வாயில், தோட்டாவின் விளிம்பு உட்காருகிற இடத்தில், ஊசி அடித்த பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டா இல்லாமல் வெறும் ட்ரிக்கரைத் தட்டித் தட்டி விளையாடிய துப்பாக்கியில் ஊசி நேராக பேரலின் விளிம்பில் போய் அடித்திருக்கும். கொஞ்சம் என்றால் அதற்கென்று இருக்கிற கருவியால் சரி செய்துவிடலாம். ஆழமாக இருந்தால் காலித் தோட்டா வெளியே வர மறுக்கும், வெடிப்பதிலும் தகராறு.

சரி, இப்போது உங்கள் மூன்றுக்கு வருகிறேன். 52-இன் பெருமை உண்மைதான். முதல் உலகப் போர் முடிந்த கையோடு வந்து 1980 வரை ஓடிய துப்பாக்கி. அமெரிக்காவில் ஸ்மால்போர், அதாவது டூ டூ ரைஃபிள் போட்டி என்றாலே ரொம்ப நாள் அதுதான். ஆனால் நீங்கள் வாங்கப் போவது 52 அல்ல, பாதி 52. அந்த ரிசீவருக்கென்று சைட்டை மாட்டுகிற பேஸ் வேண்டும், பின் சைட் வேண்டும், முன் சைட்டும் அதற்கான வளையங்களும் வேண்டும். இவற்றைத் தனித்தனியாகத் தேடுகிறவன் கையில் பணம் தங்காது. ஒரு கம்பெனியின் வளையம் இன்னொரு கம்பெனி முன் சைட்டில் உட்காராது, அது தெரியாமல் நான் மூன்று செட் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பெட்டியில் கிடக்கின்றன. கூடுதல் ஓட்டையால் சுடுவதற்குப் பாதகமில்லை. ஆனால் சேகரிப்பவர்கள் அதைத் தொட மாட்டார்கள், அதனால்தான் உங்கள் பட்ஜெட்டுக்குள் இறங்கி வந்திருக்கிறது.

நான் என்றால் 513 டி. கட்டை கறுத்திருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அது கை பட்ட கறுப்பு. படுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் சுட்ட ஒருவர் அதை வைத்திருந்திருக்கிறார். வெடிக்காமல் போவதற்கு ஏன் என்று பாருங்கள், அது ஒன்றுதான் பாக்கி.


இடக்கைக்காரன்:

பழங்கட்டை அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் மார்ட்டினியை இரண்டு வரியில்கூடத் தொடாமல் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

பி.எஸ்.ஏ மார்ட்டினியின் ட்ரிக்கரை ஒருமுறை தொட்டவர்கள் அப்புறம் வேறு எதையும் குறை சொல்லத்தான் தொடுவார்கள். லீவரை இறக்கினால் உள்ளே ஒரு கட்டி கீழே சாய்கிறது, தோட்டாவைக் கட்டைவிரலால் தள்ளுகிறோம், ஏற்றினால் மூடிக்கொள்கிறது. பாகங்கள் குறைவு, ஊசி அடித்து முடிக்கிற தூரம் குட்டி, ட்ரிக்கரை விட்டதற்கும் வெடிப்பதற்கும் நடுவில் உடம்பு ஆடுவதற்கு நேரம் கிடைக்காது. நான் இடக்கை. அதனால் 12/15 வைத்திருக்கிறேன், மேல் பக்கமிருந்து குண்டு போடுகிற பழைய மாடல். எந்தக் கைக்கும் பேதம் பார்க்காது. இன்டர்நேஷனலில் பக்கவாட்டில் போட வேண்டும், உங்கள் கை எது என்று சொல்லவில்லையே?

குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமில்லை. மார்க் 2-இல் முன்கட்டை பேரலில்தான் தொங்குகிறது. வாரை இறுக்கிப் படுத்தால் அந்த இழுப்பு பேரலுக்குப் போகும், இறுக்கம் மாறினால் குண்டு விழுகிற இடமும் மாறும். 1959-இல் வந்த மார்க் 3-இல் முன்கட்டையை ரிசீவரிலிருந்து நீளும் ஒரு தண்டில் மாட்டி பேரலைச் சும்மா விட்டுவிட்டார்கள். அதனால் கிடைத்தால் மார்க் 3. கிடைக்காவிட்டால் மார்க் 2-இல் வாரை எப்போதும் ஒரே ஓட்டையில் மாட்டப் பழகிக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் பழகினேன், ஆனால் பழக ஒரு சீசன் போனது.

எடையும் அதிகம். படுத்துச் சுட நல்லது, தூக்கிக்கொண்டு நடக்கும்போது தெரியும்.


ஒருமுறைதான்:

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்றையும் விட்டுவிட்டு ஆறு மாதம் கூடச் சேர்த்து வைத்து பழைய ஜெர்மன் அன்ஷுட்ஸ் வாங்கச் சொல்வேன். மேட்ச் 54 ஆக்‌ஷன் (சுடும் இயந்திரம்) வைத்த 1411 என்றால் ரொம்ப நல்லது, அது கட்டுப்படியாகாவிட்டால் அதன் தம்பியான மேட்ச் 64. உதிரிபாகம் இன்றைக்கும் கிடைக்கிறது, சைட்டுக்கான 11 மில்லிமீட்டர் தண்டவாளம் இன்றைக்கும் அதே அளவுதான், நாளைக்கு புதிய டயாப்டர் பின் சைட் வாங்கினாலும் அப்படியே ஏறி உட்காரும். வயது கண்டுபிடிப்பதும் சுலபம், பேரலிலோ ரிசீவரிலோ உல்ம் சோதனைக்கூடத்தின் மான்கொம்பு முத்திரை பக்கத்தில் பார்த்தால் வருடம் இருக்கும். எழுத்தாக இருந்தால் ஏ என்றால் 0, பி என்றால் 1, அப்படியே போய் ஐ 8, நடுவில் ஜே இல்லை, கே 9. ஐ சி என்று இருந்தால் 82. கிழக்கு ஜெர்மனியில் செய்த சூல் 150 எங்காவது மலிவாகத் தென்பட்டால் அதையும் விடாதீர்கள், அதன் பேரலுக்காகவே தேடி அலைகிறவர்கள் உண்டு.

அமெரிக்கப் பழசு எல்லாம் பாசத்துக்கு. பாயிண்ட்டுக்கு அல்ல.


பழங்கட்டை:

ஆறு மாதம், அப்புறம் இன்னும் ஆறு மாதம், இப்படியே மூன்று வருடம் கிளப் துப்பாக்கியில் கழுத்தை நீட்டிக்கொண்டு படுத்திருந்தவர்களையும் எனக்குத் தெரியும். அன்ஷுட்ஸ் நல்ல துப்பாக்கி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 50 மீட்டரில் பத்து வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், குண்டு 5.6. வளையத்தின் விளிம்பைத் தொட்டாலே கணக்கில் சேரும். பழைய 513 டி நல்ல தோட்டாவில் காட்டுகிற க்ரூப்புக்கும் (குண்டுகள் சேர்ந்து விழுகிற பரப்பு) 1411 காட்டுகிற க்ரூப்புக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு வருடம் சுட்டவருக்கு அவருடைய மூச்சாலும் தோளாலும் வருகிற வித்தியாசத்துக்குள் காணாமல் போய்விடும். 600-க்கு 590-ஐத் தாண்டிய பிறகு வந்து இந்தச் சண்டையைப் போடுவோம்.


புதுப்புள்ளி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

நான் வலக்கை. வயது 47, அதையும் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் முன் சைட் வளையம் இப்போதெல்லாம் கொஞ்சம் மங்குகிறது. ஸ்கோப் வைக்கலாமா என்றுகூட யோசிக்கிறேன். 52-ஐ மனசிலிருந்து இறக்கி வைக்கப் பார்க்கிறேன், சுலபமாக இல்லை.

நேற்று 513 டி-யை மறுபடியும் போய்ப் பார்த்தேன். முனையில் பஞ்சு மாட்டவில்லை. துணியைத் தள்ளிப் பார்த்தேன், சேம்பரை ஒட்டி ஓரிடத்தில் மட்டும் பிடித்தது, மற்றபடி ஒரே சீர். சேம்பர் விளிம்பில் நகம் வைத்தால் தெரிகிற அளவுக்கு ஒரு சின்னக் கோடு. விற்கிறவர் வெடிக்காமல் போன தோட்டாக்கள் இரண்டை எடுத்துக் கொடுத்தார். ஊசி பட்ட தடம் இருக்கிறது, ஆனால் மேலோட்டமாக, வெடித்த காலிகளில் இருப்பதைவிட ஆழம் குறைவு. வெடித்த காலிகளிலேயே ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கிறது. காலை வேளையில்தான் அதிகம் வெடிக்காது, வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.


எண்ணெய்க்கை:

காலையில் வெடிக்காது, வெயிலில் வெடிக்கும் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அது துப்பாக்கியின் வியாதி இல்லை, எண்ணெயின் வியாதி.

என்னிடம் ஒரு பழைய மாஸ்பெர்க் 144 வந்தது இப்படித்தான். கொண்டு வந்தவர் ஸ்பிரிங் செத்துவிட்டது, ஊசி தேய்ந்துவிட்டது என்று அவராகவே தீர்ப்பு எழுதி, கிட்டத்தட்ட தள்ளிவிடுகிற விலைக்குக் கொடுத்தார். ஊசியும் ஸ்பிரிங்கும் உள்ளே இருக்கிற போல்ட்டைக் கழற்றினேன். ஊசி பாதி தூரம் வந்து நின்றுகொண்டது, தேன் ஜாடியிலிருந்து கரண்டியை இழுக்கிற மாதிரி. உள்ளே அரக்கு நிறத்தில் ஒரு பசை, நகத்தால் சுரண்டினால் சுருளாக வருகிறது. ஐம்பது வருடமாக ஒவ்வொரு சீசன் முடிவிலும் யாரோ அக்கறையாக எண்ணெய் விட்டிருக்கிறார்கள், ஒருவர்கூடப் பழையதைத் துடைக்கவில்லை. ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, விரல் நுனியில் ஒட்டுகிற அளவு மெல்லிய எண்ணெய் மட்டும் தடவிப் பூட்டினேன். அன்றிலிருந்து ஒன்றுகூட ஏமாற்றியதில்லை. ஸ்பிரிங்கும் அதே பழைய ஸ்பிரிங்தான்.

குளிரில் பசை இறுகும், ஊசி சோம்பலாகப் போகும், அடி மேலோட்டமாக விழும். வெயிலில் இளகும். உங்கள் காலிகளில் ஆழம் ஒன்றுக்கொன்று மாறுவதும் அதைத்தான் சொல்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எல்லாமே ஒரே மாதிரி மேலோட்டமாக இருக்கும்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வெடிக்காத தோட்டாவை ரேஞ்சில் வைத்து, குழல் குறியை நோக்கியபடியே அரை நிமிடம் காத்திருந்து வெளியே எடுத்து, விளிம்பைத் திருப்பி வேறு இடத்தில் அடிக்கிற மாதிரி மறுபடி போடுங்கள். டூ டூ மாதிரி விளிம்பில் அடி வாங்கி வெடிக்கிற ரிம்ஃபயரில் மருந்து விளிம்புக்குள் சுற்றிலும் சுழற்றி நிரப்பப்படுகிறது, சில சமயம் ஒரு பக்கம் மருந்தே இருக்காது. அடி நல்ல ஆழமாக இருந்தும் வெடிக்காமல், திருப்பிப் போட்டதும் வெடித்தால் குற்றம் தோட்டாவுடையது. அப்புறம் போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில் இடைவெளி சரியா என்று ஒரு நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் அளந்துவிடுங்கள். தோட்டா விளிம்பின் கனமே 1 மில்லிமீட்டர் சொச்சம்தான், இடைவெளி கூடினால் ஊசியின் அடியில் பாதி தோட்டாவை முன்னால் தள்ளுவதிலேயே போய்விடும். கூடவே ட்ரிக்கரும் சேஃப்டியும் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று அவரே பார்த்துவிடட்டும். பழைய துப்பாக்கியில் யாரோ ஒருவர் ட்ரிக்கரை இலகுவாக்குகிறேன் என்று அரம் போட்டிருப்பார், அதை நீங்கள் ரேஞ்சில் வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது.

சேம்பர் பக்கம் துணி பிடித்தது என்றீர்களே, அது கரி வளையம். மெழுகும் கரியும் சேர்ந்து தோட்டா முடிகிற இடத்தில் இறுகிப் போயிருக்கும். சால்வென்ட் விட்டு ஊறவைத்து, வெண்கல பிரஷை பின்னாலிருந்து விட்டு அந்த இடத்தில் மட்டும் திருப்பித் திருப்பித் தேயுங்கள். பொறுமை வேண்டும், ஒரே நாளில் போகாது.

நகம் தட்டுகிற கோட்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், காலி சுலபமாக வருகிறவரைக்கும். வீட்டில் பயிற்சிக்கு வெறும் ட்ரிக்கர் தட்ட வேண்டுமானால் சுவரில் திருகு போட வைக்கிற சின்ன பிளாஸ்டிக் பிளக்கைச் சேம்பரில் வையுங்கள். அளவு சரியாகப் பொருந்துகிறதைத் தேடி எடுங்கள், சில முறைக்கு ஒருமுறை திருப்பி வையுங்கள்.

பேரலின் இடது பக்கம் ரிசீவரை ஒட்டி இரண்டு சின்ன எழுத்து இருக்கும், அதையும் எழுதிப் போடுங்கள். பிளாக்பவுடர்எக்ஸ் என்று ஆங்கிலத்தில் எழுதினால் பன்னிரண்டு எழுத்து வரும், வரிசையாகப் பன்னிரண்டு மாதம், பி ஜனவரி, எக்ஸ் டிசம்பர். முதல் எழுத்து மாதம், இரண்டாவது வருடம். சுடுவதற்கு உதவாது, ஆனால் தெரிந்துகொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது.


இடக்கைக்காரன்:

கண் மங்குவதற்கு ஸ்கோப் பக்கம் போகாதீர்கள். அதற்குப் பேஸ், மவுண்ட் என்று தனிச் செலவு, மேலும் நீங்கள் ஆடுகிற பிரிவில் ஸ்கோப்பை அனுமதிக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பின் சைட்டின் கண் ஓட்டையைச் சிறிதாக்குங்கள், ஓட்டை சிறுத்தால் முன் வளையமும் குறியும் சேர்ந்தே தெளியும், வெளிச்சம் குறையும் அவ்வளவுதான். அளவை மாற்றக்கூடிய ஐரிஸ் ஒன்று வாங்கிப் போட்டால் மேகம் வந்தால் திறக்கலாம், வெயிலில் மூடலாம். முன் வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். 50 மீட்டர் குறியின் கறுப்பு 112.4 மில்லிமீட்டர், அதைச் சுற்றி நல்ல அகலமாக வெள்ளை தெரிய வேண்டும். வெள்ளை மெல்லியதாக இருந்தால் கண் ஏமாறும், நடுவில் இருப்பதாகவே தோன்றும்.

மார்ட்டினியை விட்டுவிட்டீர்கள் போல. பரவாயில்லை, யார் விற்கிறார்கள் என்று எனக்குத் தனிச்செய்தி போடுங்கள்.


பெட்டிக்கணக்கு:

எல்லோரும் துப்பாக்கியையே பேசுகிறீர்கள், தோட்டாவை யாரும் பேசவில்லை. பட்ஜெட் மொத்தத்தையும் துப்பாக்கியிலேயே கொட்டிவிட்டு, கடைசியில் கிடைத்த தோட்டாவைப் போட்டு, பேரல் சரியில்லை என்று விற்றவர்களிடமிருந்துதான் நான் நல்ல துப்பாக்கிகளை வாங்கியிருக்கிறேன்.

முதலில் வேகமான தோட்டாவை விடுங்கள். நொடிக்கு 380 மீட்டர் வேகத்தில் கிளம்புகிற குண்டு வழியிலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும், இறங்குகிற அந்த இடத்தில் குலுங்கும். ஒலி 340-ஐ ஒட்டி. மேட்ச் தோட்டா எல்லாம் அதற்குக் கீழேயே கிளம்புவது. சி.சி.ஐ ஸ்டாண்டர்டு பெட்டியில் 1070 அடி என்று போட்டிருப்பான், அதாவது 326 மீட்டர். எஸ்.கே ஸ்டாண்டர்டு பிளஸ் இன்னொன்று, லாபுவா டூ டூ தோட்டாவும் எஸ்.கே-யின் அதே ஷோனபெக் தொழிற்சாலையில்தான் தயாராகிறது, ஆனால் விலை வேறு. எலி டெனெக்ஸ் மாதிரி உச்ச விலை மேட்ச் தோட்டா எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

நாலு வகையில் இரண்டிரண்டு பெட்டி வாங்குங்கள். வகை மாற்றும்போது முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பழைய மெழுகு போய்ப் புது மெழுகு பேரலில் படிய அவ்வளவு வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக நாலு க்ரூப். ஐந்து சுட்டு அழகாக ஒரு ஓட்டை விழுந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள், அந்த ஐந்து யாருக்கும் விழும். ஒத்துப்போகிற வகை கிடைத்ததும் பெட்டியில் இருக்கிற லாட் எண்ணை, அதாவது ஒரே தொகுதியாகச் செய்ததற்கான எண்ணை, பார்த்து அதே எண்ணில் கையில் இருக்கிற பணத்துக்கு வாங்கி வைத்துவிடுங்கள். அதே பெயர், அதே பெட்டி, லாட் மாறினால் வேறு தோட்டா.

துப்பாக்கிக்குத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிற வேலை நம்முடையது இல்லை, அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். நாம் காசு கொடுத்தால் போதும்.


புதுப்புள்ளி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 513 டி என்னிடம் இருக்கிறது.

எண்ணெய்க்கை அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. மெக்கானிக் போல்ட்டைத் திறந்து என் பக்கம் நீட்டினார், உள்ளே இருந்தது எண்ணெய் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், தார். இடைவெளி சரியாக இருக்கிறது, ட்ரிக்கரில் யாரும் கை வைக்கவில்லை என்றார். சுத்தம் செய்த பிறகு இதுவரை 420 சுட்டிருக்கிறேன், வெடிக்காமல் போனது ஒன்று, அதையும் திருப்பிப் போட்டதும் வெடித்தது. ஆக அது தோட்டா. கரி வளையம் மூன்று நாள் எடுத்தது, கடைசி நாள் பிரஷ் திடீரென்று விட்டுக்கொடுத்தபோது தூர்வாரிய கிணற்றில் தண்ணீர் வந்த மாதிரி இருந்தது.

கட்டையின் பின் தகட்டைக் கழற்றி ஒரு விரல் அளவு அறுத்துவிட்டேன். கை நடுங்கியது. யாரோ சேகரிப்பவர் இதைப் படித்தால் என்னைத் திட்டுவார், திட்டட்டும், கழுத்து நேராக இருக்கிறது. இரண்டு விரல் என்று நினைத்துப் போனேன், ஒன்றிலேயே பொருந்திவிட்டது, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன்.

தோட்டாவில்தான் ஆச்சரியம். நான்கு வகையில் விலை கூடியதுதான் மோசம், பத்துக்கு 31 மில்லிமீட்டர் வரை பரவியது. எஸ்.கே ஸ்டாண்டர்டு பிளஸ் நாலு க்ரூப்பும் 17-க்கும் 21-க்கும் நடுவில், மேசையில் மணல்பை வைத்து. படுத்து வாரோடு சுட்டதில் அதைவிடப் பெரிது, அந்த வித்தியாசம் என்னுடையது.

52-ஐ வேறு ஒருவர் வாங்கிவிட்டார். நேற்று ரேஞ்சில் பார்த்தேன், இன்னும் பின் சைட் தேடிக்கொண்டிருக்கிறார்.

எழுத்துகளையும் பார்த்தேன், முதல் எழுத்து டபிள்யூ, ஆகஸ்ட் மாதப் பிறப்பு. இரண்டாவது எழுத்து பாதி அழிந்திருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் தெரியவில்லை.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. ரெட்ஃபீல்டு பின் சைட்டைப் பேஸில் இறுக்குகிற திருகு தேய்ந்து வழுக்குகிறது, நாற்பது ஐம்பது சுட்டதும் தளர்ந்துவிடுகிறது, இப்போதைக்கு நகப்பாலிஷ் ஒரு சொட்டு விட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தத் திருகு யாரிடமாவது பெட்டியில் கிடக்கிறதா? பழங்கட்டை அண்ணே, உங்களைத்தான் கேட்கிறேன்.